டெஸ்மண்ட் சொன்ன நல்ல வார்த்தை

முன்னறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எல்லாருக்கும் வியர்த்தது. தி.நகரில் எங்கள் துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அன்று கடைக்கு விடுமுறை. கீழே தெரு அபூர்வமாக அடங்கிக் கிடந்தது.

அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே, அந்த வெயிலிலும் பழுப்புக் கோட்டு போட்ட ஒரு பெரிய உருவம். பெயர் டெஸ்மண்ட். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயப்பேட்டையில் வசித்த ஆங்கிலோ இந்தியர். மனைவியை இழந்தவர். அவருடைய ஒரே மகள் ஷீலாவைத்தான் என் அண்ணன் முத்து கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். அதைப் பேசவே அவரும் மகளும் வந்திருந்தார்கள்.

இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் ஆடிட்டர். மயிலாப்பூர்க்காரர். எங்கள் கடையின் வரவு செலவைப் பார்ப்பவர். அப்பா அவரை வரவழைத்தது இங்கிலீஷ் பேசுவதற்காக.

நான் உட்காரவில்லை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் வந்தவர்களை வணங்கிய கையோடு பால்கனிக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஷீலாவும், கட்டிப் பழகாத நீலப் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காற்று வேண்டும் என்று அவன் பின்னால் போனாள்.

அப்பாவும் டெஸ்மண்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் ஏறக்குறைய செத்துப்போனது. சென்ற வாரம் இந்தப் பத்தியில் அண்ணனின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதியபோது ஓர் இங்கிலீஷ் டீச்சர் போகிறபோக்கில் வந்து போனார். அவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்கு இந்த வாரம் பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நேராகச் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை.

வீட்டுக்குள் எத்தனை இங்கிலீஷ்

அப்பாவின் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர். சாயம் போகாது, சுருங்காது, விலை குறையாது. இந்த மூன்றையும் அவர் இங்கிலீஷில் தடுமாறாமல் சொல்வார். அடையாறிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிற அம்மாள்களிடம் அது போதுமானதாக இருந்தது. நான்காவதாக அவர்கள் ஏதாவது கேட்டால் சிரித்தபடி என்னைக் கூப்பிடுவார்.

என் இங்கிலீஷ் வேறு. மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம்வரை தமிழில் படித்தவள் அங்கே போய் முதல் மாதம் வாயைத் திறக்கவில்லை. திறந்த அன்று, 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அது பெரிய சிரிப்பு இல்லை. மூக்கு வழியாக வெளியேறுகிற சின்னச் சிரிப்பு. இன்னும் கேட்கிறது.

அதன் பிறகு நான் இங்கிலீஷை உடுப்பு மாதிரி மாற்றப் பழகினேன். கல்லூரி வாசலில் ஒன்று. பஸ் கண்டக்டரிடம் ஒன்று. அவரிடம் நல்ல இங்கிலீஷ் பேசினால் 'இன்னாமா, இங்கிலீஷ் உடுறே' என்று இறக்கிவிடும் இடத்தைத் தாண்டி இறக்கிவிடுவார். கடையில் ஒன்று. கடையில் நான் நன்றாகப் பேசினால் அப்பாவின் முகத்தில் பெருமையும் வரும், அடுத்த நிமிடம் ஒரு வாட்டமும் வரும். அதனால் அங்கே அவருடைய இங்கிலீஷையே கொஞ்சம் செப்பம் செய்து பேசுவேன். பஸ்ஸில் போகும்போது அடுத்து எதைப் பேச வேண்டும் என்று உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஸ்லோகம் சொல்வதாக நினைத்திருக்கலாம்.

ஆடிட்டருடைய இங்கிலீஷோ கடிதத்திலிருந்து எழுந்து வந்தது. வாயால் பேசும்போதும் அதில் பாரா பிரிந்திருக்கும். எங்களிடம் தமிழில் பேசும்போது, 'ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? சொல்லிண்டே இருக்கணும்னு நெனச்சேன்' என்று குழைந்து பேசுகிற அதே மனிதர், இங்கிலீஷுக்கு மாறிய உடனே வருமான வரி அலுவலகத்தில் நிற்கிறவராகிவிடுவார்.

அன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பையன் நல்ல நிதி நிலைமையில் இருக்கிறான் என்பதையும், குடும்பத்தின் நற்பெயர் ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்பதையும், தங்கள் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பிப்பதாக இங்கிலீஷில் சொன்னார். டெஸ்மண்ட் கோர்ட்டில் கூண்டேறியவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் கேட்ட குரல்

ஷீலா எங்கள் வீட்டுக்குள் வந்தது அண்ணன் வழியாக. அண்ணனை அவளிடம் அனுப்பியது கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர்.

அண்ணனுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூடுதல். பத்தாவதோடு கடைக்கு வந்துவிட்டவன். ஒருநாள் ஓர் இளம்பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்க, அவன் புரியாமல் வேறு புடவையை எடுத்துப் போட, அவள் தன் தோழியிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அன்று மாலையே பனகல் பார்க் பக்கம் ஒரு மாடியில் நடந்த இங்கிலீஷ் பேச்சு வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

அங்கே பாடம் நடத்தியவள் ஷீலா. இங்கிலீஷ் அவளுக்குத் தாய்மொழி. ஆனால் வகுப்பு நடத்திய முதலாளி, வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார். வீட்டில் பேசுகிற இங்கிலீஷ் இங்கே வரக் கூடாது. கேசட்டில் இருக்கிற இங்கிலீஷ்தான் வர வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'மென்' போடக் கூடாது. முடிவில் 'நோ' என்று இழுக்கக் கூடாது.

ஷீலா அப்படியே செய்தாள். கேசட்டுக் குரலில், யாருடையதும் அல்லாத ஓர் இங்கிலீஷில், மளிகைக் கடைக்காரர்களுக்கும் பேங்க் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் பாடம் சொன்னாள்.

ஒருநாள் வகுப்பு நடுவே அவளுக்கு போன் வந்தது. அழைத்தது அவளுடைய அப்பா. போனை எடுத்ததும் ஷீலாவின் குரலே மாறிவிட்டது என்றான் அண்ணன். வேகமாக, பாட்டு மாதிரி ஏறி இறங்கி, நடுவில் திட்டி, சிரித்து, ஏதோ மீன் குழம்பைப் பற்றி ஒரு நிமிடம் சண்டை போட்டாள். போனை வைத்தாள். திரும்பியதும் மறுபடி கேசட்.

"எது புரிஞ்சுது உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் புரியல. ஆனா அதத்தான் கேக்கணும் போல இருந்துச்சு."

அண்ணன் பாடம் கேட்கப் போய், போன் வரக் காத்திருக்க ஆரம்பித்தான். எப்படிப் பேசினார்கள், எப்படி முடிவு செய்தார்கள் என்பது அவர்கள் கதை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வருஷம் முழுக்க அண்ணன் ஓர் இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. மடித்த புடவையை மறுபடி பிரித்து மடிப்பான். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து போவான். அந்த அமைதியின்மை வீடு முழுக்கப் பரவி என்னையும் பிடித்துக்கொண்டது.

வீட்டில் சொன்னபோது அப்பா கத்தவில்லை. வேதம் வேறு, சாப்பாடு வேறு, எல்லாம் வேறு என்று பல மாதம் பேசாமலிருந்து, கடைசியில் ஒருநாள், "வரச் சொல்லு, பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஆடிட்டர், கஞ்சி போட்ட சட்டை எல்லாம்.

எழுந்து போனவர்

முன்னறைக்குத் திரும்புகிறேன்.

ஆடிட்டர் பேசி முடித்தார். சமையலறையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். நான் போய்க் காபித் தட்டோடு வந்தேன். டெஸ்மண்ட் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து பால்கனிப் பக்கம் பார்த்தார். அங்கே அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவர் முகம் மலர்ந்தது. அப்பாவைப் பார்த்து, கோட்டுப் பொத்தானைக் கழற்றியபடி சொன்னார்:

"யுவர் சன் இஸ் எ குட் பக்கர், மென். ஐ லைக் த பக்கர்."

அப்பா எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் ஆடிட்டரைப் பார்த்தேன். அவர் காதுவரை சிவந்திருந்தார். டெஸ்மண்ட் சிரித்த முகம் அப்படியே நிற்க, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார்.

பால்கனியிலிருந்து ஷீலா வந்தாள். என் அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?" என்று தமிழில்தான் கேட்டாள். ஆடிட்டர், தலைவலியாக இருக்கலாம் என்று இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் சொன்னார். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. டெஸ்மண்ட் கோட்டுப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு மகளோடு படியிறங்கிப் போனார்.

மறுநாள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியைப் பிரித்து 'பக்கர்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். பார்த்ததும் அக்கம்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பயந்து மூடிவிட்டேன். கெட்ட வசவு என்று போட்டு, அகராதி முழுக்க அப்பா பக்கம் நின்றது.

ஆனால் ஒன்று புரியவில்லை. நான்காவது கேள்விக்கு என்னைக் கூப்பிடுகிற அப்பாவுக்கு, நானே அறியாத இந்தச் சொல் எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கேட்டேன். கல்லாவில் உட்கார்ந்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கல்யாணத்துக்கு முன் அவர் மவுண்ட் ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தாராம். ஒரு கம்பெனி அதிகாரி கோட்டுத் துணி எடுக்க வந்தான். "வெள்ளக்காரன் இல்லட்டீ. நம்ம ஊர்க்காரந்தான். இங்கிலீஷு மட்டும் வெள்ளக்காரன்." அப்பா துணியை அளந்தது சரியில்லை என்று அவனுக்கு ஒரு சந்தேகம். துணியைச் சுருட்டி அப்பாவின் முகத்தில் எறிந்து அந்தச் சொல்லைச் சொன்னான். கடை முழுக்க ஆள். முதலாளி ஓடி வந்து அப்பாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"கேட்டேன். அவன் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாமலே கேட்டேன். கடை சாத்தினதுக்கு அப்புறம் ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். அவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு. சொல்லத்தான் வேணும்னு கைய பிடிச்சுக்கிட்டேன்."

ஒரு பெண்மணி ஜாக்கெட் துணி கேட்டு வந்தாள். அவளுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஷீலாவின் கோபம்

வகுப்பு முடிகிற நேரம் பார்த்துப் பனகல் பார்க் வாசலில் ஷீலாவுக்காக நின்றேன். அவள் என்னைக் கண்டதும் வேகமாக நடந்தாள். நானும் ஓடினேன். பூக்காரிகளையும் சைக்கிள்களையும் இடித்துக்கொண்டு இருவரும் ஓடியது வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அவள் அப்பா சொன்ன அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் நின்றாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது.

"எங்க வீட்டுல அது கெட்ட வார்த்தையே இல்ல கனகா. டாடி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுப் பூனையை அப்படித்தான் கூப்பிடுவார். புடிச்சவங்களை மட்டும்தான் கூப்பிடுவார். முத்துவை அப்படிச் சொன்னார்னா, ஓகே சொல்லிட்டார்னு அர்த்தம்." மறுபடி நடக்கத் தொடங்கியபடி, "கிளாஸ்ல பேசற இங்கிலீஷைப் பேசுன்னு டாடிகிட்ட நான் சொல்லியிருக்கணும். ஆனா நான் எதுக்குச் சொல்லணும்? அவர் அப்பா வீட்டுல பேசின இங்கிலீஷ் அது" என்றாள்.

ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் இருக்கிற அத்தை அவளை அங்கே வரச் சொல்லி ரொம்ப நாளாக அழைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தட்டிக்கழித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகுதான் சரி என்று சொல்லிவிட்டாளாம். "அங்கேயும் என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பாங்க. பரவாயில்ல. சிரிக்கிறவங்க மூஞ்சியாவது புதுசா இருக்கும்."

அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. அந்த நாட்களில்தான் அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தான். பெருங்குடிப் பக்கம் ஏரிக்கரையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பெசன்ட் நகருக்கு அந்தப் பக்கம் குப்பத்தில், படகு நிழலில் படுத்திருந்ததாக இன்னொருவர் சொன்னார்.

அப்பாவிடம் எடுத்துச் சொல்ல நான் ஒரு வாதத்தைத் தயார் செய்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க அண்ணன எப்படிக் கூப்பிடுவீக?"

"எப்படிக் கூப்பிடுவேன்?"

"'ஏ மூதி, சாப்பிட வாலே'ன்னுதான? மெட்ராஸ்ல ஒருத்தர மூதேவின்னு சொல்லிப் பாருங்க. அடிக்க வருவாங்க. நம்ம ஊர்ல அது பாசம். அவுக வீட்டுல அந்தச் சொல்லும் அப்படித்தானாம்."

அம்மா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"இருக்கலாம்ட்டீ. அவுக வீட்டுல அதுக்கு வேற அர்த்தம் இருக்கலாம். நல்ல மனுசனாவும் இருக்கலாம். ஆனா என் காதுல ஏறின அர்த்தம் ஏறினதுதான. அத எவன் வந்து எடுப்பான்?"

அம்மா கரண்டியைத் திரும்ப எடுத்து அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

மணிக்கூண்டுக்குப் பின்னால்

ஒருநாள் கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் ராயப்பேட்டையில் இறங்கினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் இன்னொரு சந்து. கறிக்கடை, சைக்கிள் கடை தாண்டி பச்சைக் கதவு. கதவுக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கல்லூரி இங்கிலீஷா, கடை இங்கிலீஷா என்ற குழப்பம்.

கதவு தானாகத் திறந்தது. பனியனும் லுங்கியுமாக டெஸ்மண்ட்.

"இன்னா பாப்பா, வெளிய நின்னுக்கினு தனியா பேசிக்கினு கீறே? உள்ள வா. ஷீலா கிளாஸுக்குப் போய்க்கீது."

நான் அசையாமல் நின்றேன். ராயப்பேட்டை மார்க்கெட்டில் கேட்கிற அதே தமிழ். ஒரு பிசிறு இல்லை.

"அங்கிள், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஷோக்கா கேட்ட. பொறந்தது இந்தச் சந்து. வேற இன்னா தெரியும்?"

"அப்புறம் ஏன் எங்க வீட்டுல..."

அவர் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து நான் உட்கார இடம் செய்தார். பிறகு தானும் உட்கார்ந்தார்.

"நான் பேசுறது இன்னா தமிழ்? வண்டி ஓட்டச் சொல்லோ 'ஓரம் போ, சாவுகிராக்கி'ன்னு கத்துன தமிழு. வாங்க, போங்கன்னு மரியாதையா நாலு வார்த்த சேத்து பேச வராது. பொண்ணு குடுக்கப் போற எடத்துல அத்த பேசினா உங்க நைனா இன்னா நெனப்பாரு? அதான் கோட்டு போட்டுக்கினு இங்கிலீஷ் பேசினேன். மரியாதையா இருக்கட்டும்னு."

எங்கள் வீட்டில் அப்பா ஆடிட்டரை வரவழைத்ததும் அதே காரணத்துக்காகத்தான். நான் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றியும், மவுண்ட் ரோட்டுக் கடையைப் பற்றியும் சொன்னேன். ஷீலா அவரிடம் பாதிதான் சொல்லியிருந்தாள். துணியை முகத்தில் எறிந்த இடம் வந்ததும் அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அந்தச் சின்ன அறையில் அவ்வளவு பெரிய ஆள் நடப்பதற்கு இடமே இல்லை.

"நானும் ஒண்ணு சொல்றேன். கோவத்துல சொல்லல. நீ கேட்டதுக்கு சொல்றேன். உங்கம்மா காபி அனுப்பச் சொல்லோ உன்னைக் கூப்ட்டு இன்னா கேட்டாங்க?"

நான் யோசித்தேன். நினைவு வந்தது. வந்ததும் தலை குனிந்தது. 'ஏட்டி, சட்டைக்காரவுக காப்பி குடிப்பாகளா, டீயா?' என்றுதான் அம்மா கேட்டாள். அம்மாவுக்கு 'சட்டைக்காரர்' என்பது ஆங்கிலோ இந்தியர்களுடைய பெயர், அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"ஸ்கூலாண்ட எங்கள கல்லால அட்ச்சித் தொரத்துவானுங்க. அந்தப் பேர சொல்லித்தான் தொரத்துவானுங்க. அன்னிக்கு உங்க வூட்ல அது காதுல வுழுந்திச்சி. உங்கம்மா வேணும்னு சொல்லலேன்னு தெரியும். ஆனா ஒரு மாரி ஆயிட்ச்சி. அத்த முழுங்கினு, ஏதாச்சும் ஒரு நல்ல வார்த்த சொல்லி செரி பண்ணிடலாம்னு பாத்தேன். உங்க அண்ணன் அங்க நின்னுக்கினு இருந்தான். நல்ல பையன். அதத்தான் சொன்னேன்."

அம்மா புறப்பட்டாள்

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, உலையில் போட்டு, கை துடைத்துவிட்டு, "அவுகளுக்குத் தமிழ் தெரியும்னு நமக்குத் தெரியாதே" என்றாள். உலைக்கு மூடி போட்டுவிட்டு, "தெரியாட்டா மட்டும் சொல்லலாமாக்கும்" என்றாள்.

மறுநாள் அப்பா கடைக்கு இறங்கியதும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பொறப்படு."

கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்கு டப்பாவையாவது கொண்டுபோகலாமே என்றேன். "பலகாரம் குடுத்துச் சரிக்கட்டுற காரியமாட்டீ இது?" என்றாள்.

தி.நகரில் இத்தனை வருஷம் இருந்தும் அம்மா ராயப்பேட்டைக்குப் போனதில்லை. பச்சைக் கதவைத் தட்டியபோது டெஸ்மண்டும் ஷீலாவும் வீட்டில் இருந்தார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, நான் சொன்னது வசவுன்னு எனக்குத் தெரியாது. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். உங்க மனசு நொந்துருக்கும். இனிமே என் வாயில வராது. எங்க வீட்டுல யாரு வாயிலயும் வராது."

டெஸ்மண்ட் பதறிப்போனார். "ஐயோ, இன்னாமா நீ, உக்காரும்மா மொதல்ல. அத்தப் போயி..." அம்மாவை அவர் 'நீ' என்கிறாரே என்று நான் நெளிந்தேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

ஷீலா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன, எலும்பாக் கெடக்கு?" என்றாள். ஷீலா சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எழுந்து சந்துக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கு அந்த மாதிரி இடங்களில் இருக்கத் தெரியாது.

கல்லாவுக்கு முன்னால்

அம்மா போய்வந்ததை அப்பாவிடம் அம்மாவே சொன்னாள். அவர் 'ஏன் போனாய்' என்றும் கேட்கவில்லை, 'நல்லது' என்றும் சொல்லவில்லை.

தீபாவளிக் கூட்டம் தொடங்கியிருந்த ஒரு மத்தியான வேளையில் டெஸ்மண்ட் கடைக்கு வந்தார். இந்தத் தடவை கோட்டு இல்லை. கூட்டத்தைத் தன் உடம்பால் விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு முன் வந்து நின்றார். புடவை மடித்துக்கொண்டிருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது.

"உக்காருங்க" என்றார் அப்பா.

"இல்ல சார், நின்னுக்கினே சொல்ட்டுப் போறேன். உங்க பொண்ணு எல்லாம் சொல்லிச்சி. துணிய மூஞ்சில அட்ச்சானே, அவன் மேல எனக்கும் கோவம் கீது. அவனும் நானும் ஒரே வார்த்த சொல்லிட்டோம். அது எனக்குக் கஷ்டமாக்கீது."

அப்பா அந்தத் தமிழை முதன்முறையாகக் கேட்கிறார். நிமிர்ந்து பார்த்தார்.

"வேற சொல்லு கெடையாதா உங்களுக்கு?"

"கீது. வாய்ல மொதல்ல வர்றது அதான். என் பொண்டாட்டி சாவுற வரைக்கும் என்னை அப்டித்தான் கூப்ட்டா. அத்த வுடச் சொன்னா நான் இன்னா பண்ணுவேன் சார்?"

யாரோ ஒருவர் பில்லை நீட்டினார். அப்பா அதை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார். கல்லாப்பெட்டியைத் திறந்தார், எதுவும் எடுக்காமல் மூடினார். நான் ஒரு ரவிக்கைத் துணியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"விட வேண்டாம்" என்றார் கடைசியில். "எம் மவன எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ளது. என்னை மட்டும் சொல்லாதீக. என்னால தாங்க முடியாது."

"சொல்ல மாட்டேன் சார்."

"இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கூட்டத்துல நின்னா இடிச்சுத் தள்ளிருவாக."

டெஸ்மண்ட் உட்கார்ந்தார். அன்று மாலைவரை அங்கேயே இருந்தார். உள்ளே வருகிறவர்களிடம், 'ஓரமா போ நைனா, வழியில நிக்காத' என்று சொல்லிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை.

சாப்பாட்டில்

கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. ஷீலா பெர்த்துக்கு எழுதி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பிற்பாடு அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்த சண்டைகள், அவள் எங்கள் வீட்டில் மூச்சுமுட்டி ராயப்பேட்டைக்குப் போய் வாரக்கணக்கில் இருந்தது எல்லாம் உண்டு. ஒரு சொல்லைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

அன்று மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் இலை போட்டோம். ஊரிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள். ராயப்பேட்டையிலிருந்து ஷீலாவின் ஆட்கள். பந்தியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அம்மா. பாதிச் சாப்பாட்டில் டெஸ்மண்ட் எழுந்து நின்றார். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பா பேச வேண்டுமாம். அவருடைய இங்கிலீஷில், மென்னும் நோவும் போட்டு, ஏறி இறங்கிப் பேசினார்.

ஷீலா பிறந்த நாளைப் பற்றிச் சொன்னார். அன்று ஒரு மரவாடியில் தீ. அணைத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். உடம்பெல்லாம் கரி. குழந்தையைத் தொடக் கூடாது என்று நர்ஸ் விரட்டிவிட்டாளாம். குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கரி போகவில்லையாம். அவர்கள் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அப்பாவுக்குச் சொல்வதற்காகத் தமிழில் வாக்கியத்தைத் திரட்டிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தேன். ஆனால் அப்பா அம்மா பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

இங்கிலீஷே தெரியாத அம்மா டெஸ்மண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்த அன்னிக்கு என் கையில வாங்கினேன், இன்னிக்கு உங்க கையில குடுக்கேன், பாத்துக்கிடுங்கன்னு சொல்லுதாரு."

டெஸ்மண்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா தலையை ஆட்டினார். டெஸ்மண்ட் பேசி முடித்து உட்காரும்வரை அடுத்த கவளத்தை எடுக்கவில்லை. நான் என் இலைக்குத் திரும்பி, ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தேன்.